ஃப்ரிட்ஜில் எத்தனை மீதி

"அவர் குளிச்சிட்டு இருக்கார். எதுவா இருந்தாலும் என்கிட்டயே சொல்லுங்க" என்றாள் வெர்லீன்.

தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த டுவைட், திரையில் இருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டான். நோயாளியின் பெயர், பிறந்த தேதி, போன மாதம் ஊசி ஏதும் விட்டுப்போனதா, காய்ச்சல் வந்ததா. வெர்லீன் தடங்கல் இல்லாமல் பதில் சொன்னாள். ரொம்ப நல்லா இருக்கார். நேத்துகூட ஏணி போட்டு ஏறி, கூரைக் குழாய்ல அடைச்சிருந்த இலையெல்லாம் அள்ளிப் போட்டார். வேணாம்னு சொன்னா கேட்டாத்தானே! டுவைட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருந்துப் பெட்டியை வியாழக்கிழமை அனுப்பிவைப்பதாகச் சொல்லி முடித்தான்.

"கோட்டை விட்டுட்டீங்க டுவைட்" என்றாள் பயிற்சி கொடுக்கும் கென்ட்ரா, கையிலிருந்த ஒத்திகை அட்டையை ஆட்டிக்கொண்டே. "அந்த ஆள் ஊசி போட்டுக்கறதை நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சு. பொண்டாட்டி மறைக்கிறா. அட்டையில இருக்கறது அதுதான்."

"புருஷனைக் கூரை மேல ஏத்திவிட்டுட்டாங்க, நான் எங்கேருந்து சந்தேகப்படறது? மிஸ் வெர்லீன், நீங்க மருந்துக்கடைக்கு வந்ததே தப்பு. நாடகத்துக்குப் போயிருக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். வெர்லீனும் சிரித்துவைத்தாள். அட்டையில் ஏணியும் இல்லை, இலையும் இல்லை. அவை ராய்ஸுடையவை. அவளுடைய கணவன் ராய்ஸ் டிசம்பரில் இறந்துபோனான்.

லூயிவில் நகரத்தில் ஒரு தெருமுனை மருந்துக்கடையில், தன் வயதில் பாதியைக் கழித்தவள் அவள். மருந்து வாங்க வருகிறவனின் நடையைப் பார்த்தே கால்வலி கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். கல்யாணமானவள் என்றாலும் ஊர் வழக்கப்படி எல்லாருக்கும் அவள் 'மிஸ் வெர்லீன்'. அந்தக் கடையை மூடிவிட்டார்கள். இப்போது இந்த வேலைக்கு வந்திருக்கிறாள். இங்கே விற்கும் மருந்துகள் சாதாரணக் கடைகளில் கிடைக்காதவை. ஐஸ் கட்டி வைத்த பெட்டியில் வீட்டுக்கே போகும். மருந்தாளுநர் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதே கிடையாது. மாதம் ஒருமுறை போனில் கூப்பிட்டுக் கேட்பார், அவ்வளவுதான். காதுதான் கண். இத்தனை வருஷம் முகம் பார்த்துப் பிழைத்தவளுக்கு அது நீச்சல் தெரிந்தவளை மணலில் இறக்கிவிட்டதுபோல் இருந்தது.

ஆனால் அந்த போனின் மறுமுனை அவளுக்குப் புதிதல்ல. ராய்ஸுக்கு மூட்டுவாதம். அவனுக்கான ஊசி டென்னசியில் இருக்கும் வேறொரு நிறுவனத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. மாதாமாதம் கூப்பிடுகிறவன் பெயர் வெஸ்லி. மருந்து விசாரிக்க ஒரு நிமிஷம், கூடைப்பந்து பேச பத்து நிமிஷம். ராய்ஸின் அணியான கென்டக்கியின் நீலச் சட்டைக்காரர்கள் தோற்றால் வெஸ்லி குத்திக்காட்டுவான். டென்னசி தோற்றால் ராய்ஸ் விடமாட்டான். ராய்ஸ் கடைக்குப் போயிருந்தால் மனைவியிடம் பேசலாம் என்று ராய்ஸே எழுதிக் கொடுத்திருந்தான்.

ஜனவரியிலும் வெஸ்லி கூப்பிட்டான். சவ அடக்கத்துக்கு வந்தவர்கள் கொண்டுவந்து அடுக்கிய சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவித் திருப்பிக் கொடுத்து முடித்திருந்த நேரம். அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. "மிஸ்டர் ராய்ஸ் எப்படி இருக்கார்?" என்றான் வெஸ்லி, உயிரோடிருக்கிறவனை விசாரிக்கிற மாதிரி. சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். "நல்லா இருக்கார்" என்று வந்துவிட்டது. பிறந்த தேதியைக் கேட்டான். அதையும் சொன்னாள். ராய்ஸ் பிறந்த தேதியை இனி இந்த உலகத்தில் யார் அவளிடம் கேட்கப்போகிறார்கள்? பிப்ரவரியிலும் அதேதான் நடந்தது. காப்பீடு அவள் பெயரில் இருந்ததால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு மாதமும் இரண்டிரண்டு ஊசியோடு பெட்டி வந்தது, கையெழுத்துப் போட்டு வாங்கினாள். தேவைப்படுகிற ஒருவனுக்குப் போகவேண்டிய மருந்து தன் வீட்டு ஃப்ரிட்ஜில் முடங்கிக் கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? மருந்தே படித்தவள். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, வெஸ்லி இனிக் கூப்பிடமாட்டான் என்பதுதான் அதிகம் பயமாக இருந்தது.

கென்ட்ரா எல்லாரையும் அருகே அழைத்தாள். "'நல்லா இருக்கார்'னு படபடன்னு சொன்னாங்கன்னா துருவாதீங்க. பொய் சொல்றீங்களான்னு கேக்கறதுக்கு நாம போலீஸ் இல்ல. ஃப்ரிட்ஜில எத்தனை மீதி இருக்குன்னு மட்டும் கேளுங்க. வாய் ஆயிரம் சொல்லும், ஃப்ரிட்ஜ் பொய் சொல்லாது. கேட்டுட்டு வாயை மூடிக்கணும். கீபோர்டுலேருந்தும் கையை எடுத்துடணும்."

"கீபோர்டு என்ன பாவம் பண்ணிச்சு?" என்றான் டுவைட்.

"டக் டக்னு சத்தம் கேட்டா, நாம எழுதிக்கிறோம்னு நெனைச்சு, சொல்ல வந்ததை முழுங்கிடுவாங்க. சத்தம் நின்னாத்தான் நாம கேக்கறோம்னு அவங்களுக்குத் தெரியும்."

அடுத்து வெர்லீனின் முறை. இப்போது அவள் மருந்தாளுநர். கென்ட்ராவே நோயாளியின் மனைவியாகப் பேசினாள். இது பயிற்சி அல்ல, தேர்வு. பதிவாகும். வெர்லீன் பெயர் கேட்டாள், தேதி கேட்டாள், ஊசி போட்ட இடத்தில் வீக்கம் உண்டா என்று கேட்டாள். எல்லாம் அவளுடைய கடைக் குரலில், அந்தப் பழைய கனிவோடு. ஃப்ரிட்ஜ் பற்றிய கடைசிக் கேள்வி திரையில் கண்சிமிட்டிக்கொண்டு நின்றது. "சரி கண்ணு, பெட்டியை அனுப்பிடறோம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கென்ட்ரா அவளைத் தனியே கூப்பிட்டாள். "மிஸ் வெர்லீன், இது ரெண்டாவது தடவை. மத்ததெல்லாம் நான் மத்தவங்களுக்குப் போட்டுக் காட்டற மாதிரி பேசறீங்க. அந்த ஒரு கேள்விகிட்ட வந்தா மட்டும் தாண்டிக் குதிச்சிடறீங்க. ஏன்?"

"மறந்துபோச்சு."

"மறக்கல. திரையைப் பாத்தீங்க, நானும் பாத்தேன்." கென்ட்ரா குரலைத் தணித்தாள். "திங்கக்கிழமை ஒரு தடவை இருக்கு. அதுலயும் விட்டீங்கன்னா என் கையில ஒண்ணும் இல்ல. உங்களை அனுப்ப எனக்கு மனசு வரல."

வெர்லீன் தலையாட்டினாள். இந்த வயதில் இன்னொரு வேலை எங்கே தேடுவது? ஆனால் தன்னிடம் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாதவள், ஊரான் வீட்டு ஃப்ரிட்ஜை எப்படித் திறக்கச் சொல்வாள்?

வீட்டுக்கு வந்து பீன்ஸ் சூப்பைச் சூடாக்கினாள். இன்னமும் ஒருத்திக்கு மட்டும் சமைக்க வரவில்லை அவளுக்கு. சோள ரொட்டியை அவள் பிட்டுப் போட்டபோது போன் அடித்தது. எண்ணைப் பார்த்ததும் மனசு துள்ளியது. அப்படித் துள்ளியதற்காகத் தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

"மிஸ் வெர்லீன்! வெஸ்லி பேசறேன். சனிக்கிழமை எங்க பசங்க கொடுத்த அடியைப் பாத்துட்டு மிஸ்டர் ராய்ஸ் டிவியை உடைக்காம விட்டாரா?"

"உடைக்கல. நடுவர் கண்ணு அவிஞ்சு போச்சுன்னு திட்டினதோட சரி."

வெஸ்லி வாய்விட்டுச் சிரித்தான். பின்னால் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. முன்பெல்லாம் அது அவள் காதில் விழுந்ததே இல்லை. இன்றைக்கு ஒவ்வொரு தட்டலும் விழுந்தது. பிறந்த தேதி கேட்டான், சொன்னாள். ஊசி விட்டுப்போனதா என்றான், இல்லை என்றாள். டக் டக். காய்ச்சல்? இல்லை. டக் டக்.

"ஒரு கேள்வியை எப்பவும் கேக்காம விட்டுடறேன்னு எங்க மேலதிகாரி என்னைப் புடிச்சு வாங்கிட்டார்" என்றான் வெஸ்லி. "ஃப்ரிட்ஜில எத்தனை மீதி இருக்கு? கொஞ்சம் எண்ணிப் பாத்துச் சொல்றீங்களா?"

ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடலாம். எழுந்து போகக்கூட வேண்டாம். பெட்டி வரும், அடுத்த மாதமும் கூப்பிடுவான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பழகிவிட்டது, இன்னொன்றை மறைப்பதா கஷ்டம்?

அவள் எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். வெண்ணெய்க்குப் பின்னால், ராய்ஸ் பாதி தின்றுவிட்டு வைத்த ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில், டிசம்பரில் மிஞ்சிய ஒன்றும் பிறகு வந்தவையுமாக ஊசிப் பெட்டிகள் இருந்தன. எத்தனை என்று அவளுக்கு எண்ணாமலே தெரியும். ஆனாலும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். அட்டை குளிர்ந்திருந்தது.

"அஞ்சு" என்றாள்.

தட்டல் சத்தம் நின்றது.

எப்படி ஐந்து வரும் என்று வெஸ்லி கேட்கவில்லை. கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருப்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. டிசம்பருக்குப் பிறகு, அவள் பேசுவதற்காக இவ்வளவு நேரம் யாரும் காத்திருந்ததில்லை. "வெஸ்லி" என்றாள்.

கதவை மூடச் சொல்லி ஃப்ரிட்ஜ் கூவத் தொடங்கியது. மறுமுனையிலும் அது கேட்டிருக்கும். அவள் மூடவில்லை. அவனும் போனை வைக்கவில்லை.