நாற்காலிகளில் குடங்கள்

குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று வரும். முதலில் ஒரு செருமல், பிறகு விக்கல், அதற்கப்புறம்தான் தண்ணீர். அந்தச் செருமல் கேட்டதும் பின்கட்டு முழுக்க விழித்துக்கொள்ளும்.

பெரிய தெருவின் மாடி வீடுகளுக்குப் பின்னால் இருந்ததால் அதற்குப் பின்கட்டு என்று பேர். மூன்று மாடி, பூச்சு உதிர்ந்த செங்கல், எல்லோருக்கும் சேர்த்து ஒரே குழாய். குழாயடியில் ஆட்கள் நிற்பதில்லை, பாத்திரங்கள்தான் நிற்கும். குடம், வாளி, கைப்பிடி கட்டிய பெயின்ட் டப்பா. பாத்திரம் இருந்தால் ஆள் இருக்கிற மாதிரி. ஜென்மப் பகைக்காரியின் குடத்தைக்கூட யாரும் பின்னுக்குத் தள்ளமாட்டார்கள். ஆஸ்பத்திரியில் கிடப்பவரின் வாளி முறை வந்தால் நிரம்பும், அவர் வாசலுக்கும் போய்ச் சேரும். பேச்சுவார்த்தை இல்லாத வீடுகளுக்கு நடுவிலும் இந்த ஒரு ஒழுங்கு மட்டும் கெடாமல் இருந்தது.

உருளைக்காரி இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு வாளியுமாகப் படியேறினாள். இறக்கி வைத்ததும் சலவை ஆலைக்கு ஓட்டம். ஆஸ்பத்திரிகளும் ஓட்டல்களும் அனுப்பும் போர்வைகள் அங்கே வேகும். வெந்து பிழிந்த போர்வை செத்த மாடு மாதிரி கனக்கும். அதன் இரண்டு முனைகளையும் பிடித்து, சுருக்கமில்லாமல் இழுத்து, கொதிக்கும் உருளையின் வாயில் கொடுக்கவேண்டும். உருளை துணியைக் கவ்வியதும் விரலை எடுத்துவிடவேண்டும். அவள் புருஷன் ஒருநாள் எடுக்கவில்லை. வலது கை மணிக்கட்டு வரை போனது. கவனக்குறைவு என்றார் முதலாளி. அதே உருளைக்கு, அவன் வாங்கியதைவிடக் குறைந்த கூலிக்கு, அவளை நிறுத்தினார். அன்றிலிருந்து அவள் உருளைக்காரி.

போன வாரம் பின்கட்டின் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். கட்டடத்தை இடித்து வண்டி நிறுத்துமிடம் கட்டப் போகிறார்கள். குடியிருப்பவர்களுக்கு நகரத்தின் விளிம்பில் மாற்று வீடு. அதுபற்றிப் பகுதி மக்களின் கருத்துக் கேட்கப்படும். புதன்கிழமை காலை பத்து மணி, வார்டு அலுவலக ஹால். வராதவர்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொள்ளப்படும்.

நகரத்தின் விளிம்பிலிருந்து முதல் பஸ் கிளம்பும்போது ஆலையில் வேலை தொடங்கி வெகுநேரம் ஆகியிருக்கும். பின்கட்டில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த ஆலையில்தான் வேலை. வீடு போனால் வேலையும் போகும். இதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நாலைந்து பேராக முதலாளியிடம் போனார்கள். பேசுவதற்கு வக்கீலை முன்னால் நிறுத்தினார்கள். வக்கீல் என்றால் ஆலையில் மூட்டை தூக்குபவன். எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவதால் வந்த பட்டப்பெயர்.

"நாளைக்குக் காலையில ஒரு ரெண்டு மணி நேரம் விடணும், முதலாளி. கருத்து கேக்குறாங்களாம்."

"யார்கிட்ட?"

"எங்ககிட்டதான்."

முதலாளி மனம்விட்டுச் சிரித்தார். "உங்க கருத்து என்ன, இடிக்கக்கூடாது. அவ்வளவுதானே? அதுக்கு எதுக்குய்யா ஒரு கும்பல்?"

"அப்ப நீங்களே சொல்லிடுங்களேன். நீங்க சொன்னா எழுதிக்குவாங்க."

"எழுதிக்குவாங்க. நான் ஏன் சொல்லணும்? என் வண்டிங்க எல்லாம் நடுத்தெருவுல நிக்குது."

உருளைக்காரிக்குப் பொறுக்கவில்லை. "நாங்க அவ்வளவு தூரம் போயிட்டா விடியக்காலையில உங்க உருளைக்கு யாரு முதலாளி வருவா?"

"உங்க குழாயடியில மட்டும்தான் வரிசைன்னு நினைச்சியா? இந்த வேலைக்கும் வெளியில வரிசை நிக்குதும்மா. பத்து மணிக்கு எவன் இடம் காலியா இருக்கோ, பதினொரு மணிக்கு அங்க வேற ஆள் இருப்பான்."

அன்று சாயங்காலம் குழாயடியில் கூடிப் பேசினார்கள். வேலைக்குப் போகாதவன் என்று சொல்ல உருளைக்காரியின் புருஷன் ஒருவன்தான்.

"நான் போறேன்," என்றான். "ஆனா ஒத்தை ஆளைப் பார்த்தா, இவன் ஒருத்தனுக்குத்தான் வீடு வேணும்போலன்னு நினைப்பாங்களே."

மேல்மாடி அக்கா வார்டு ஹாலைப் பெருக்குபவள். சாவி அவளிடம்தான் இருந்தது. "விடியக்காலையில நான்தான் திறக்குறேன். வேலைக்குப் போறதுக்கு முன்னாடி வந்து ஆளுக்கொரு நாற்காலி பிடிச்சு வச்சுட்டுப் போங்க."

"எதை வச்சுப் பிடிக்கிறது?"

"குழாயடியில எதை வச்சுப் பிடிக்கிறீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அப்போது அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

புதன்கிழமை தண்ணீர் பிடித்து, வீட்டில் இருந்த சட்டி, டப்பா எல்லாவற்றிலும் ஊற்றிவிட்டு, காலிப் பாத்திரங்களை ஹாலுக்குத் தூக்கிப்போனார்கள். ஒரு நாற்காலிக்கு ஒரு குடம். குழாயடியில் நிற்கும் அதே வரிசையில் வைத்தார்கள். ஆலையில் கிழிந்த போர்வை தைக்கிற பெண் ஒருத்தி, நசுங்கிய ஒரு குடத்தின் ஒடுக்கு தெரியாதபடி அதைத் திருப்பிவைத்தாள். உருளைக்காரியின் புருஷன் சலவைச் சட்டை போட்டு, வலது கைச் சட்டையின் நுனியை ஊசிகுத்தி மடித்து, கடைசி நாற்காலியில் உட்கார்ந்தான். அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பத்து மணிக்கு ஒரு போர்வையின் முனையைப் பிடித்தபடி, இந்நேரம் எழுந்து நின்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

வேலை முடிந்து வந்தபோது அவன் விளக்குப் போடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நடந்ததை மேல்மாடி அக்காதான் சொன்னாள்.

முன்வரிசையில் பெரிய தெருக்காரர்கள். அதிகாரி உள்ளே வந்து பார்த்து, "இதென்ன ஹாலா, பாத்திரக்கடையா?" என்றார். இவன் எழுந்து, "அது எங்க ஆளுங்க ஐயா. வேலைக்குப் போயிருக்காங்க. இடம் பிடிச்சு வச்சிருக்காங்க," என்றான். ஹாலே சிரித்தது. அதிகாரி கெட்டவர் இல்லை. எல்லோரும் சிரித்த பிறகுதான் சிரித்தார். "சரி, நீங்க வந்திருக்கீங்களே, சொல்லுங்க. உங்க பகுதியில என்ன குறை?" என்று அன்பாகத்தான் கேட்டார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இவன் வலது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு சொன்னான்: "சந்துல விளக்கு எரியல ஐயா."

"எழுதிக்குங்க," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு அதிகாரி அடுத்தவரைக் கூப்பிட்டார். கூட்டம் முடியும்போது வாசித்தார்கள்: பின்கட்டு மக்கள் தெருவிளக்கு கேட்கிறார்கள், வேறு ஆட்சேபம் இல்லை. அப்புறம் ஹாலைப் பூட்டி, அக்காவின் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். குடங்கள் உள்ளேயே இருந்தன.

உருளைக்காரி புருஷனிடம் வந்தாள். "விளக்கா கேட்டீங்க?"

"என்ன குறைன்னு கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. சொல்ல வந்ததெல்லாம் மறந்துபோச்சு." அவன் திரும்பவில்லை. "அன்னைக்கு நீ இருட்டுல தடுக்கி விழுந்து முட்டியைப் பேத்துக்கிட்டு வந்தியே. அதுதான் வாயில வந்துச்சு."

அவளுக்குத் திட்டவும் வரவில்லை, அழவும் வரவில்லை.

வாசலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். வக்கீல்தான் ஆரம்பித்தான். "நல்லாத்தான் கேட்டிருக்கார் மாமா. இடிக்க வர்றவனுக்கு வெளிச்சம் வேணாமா?"

இரண்டொருவர் சிரித்தார்கள். உள்ளே அவனுடைய தலை இன்னும் தாழ்ந்தது.

"வாயை மூடுடா," என்றாள் உருளைக்காரி. "அவர் தப்பாவாவது பேசினார். உன் வாளி என்ன பேசிச்சு?"

வக்கீல் படியை விட்டு இறங்கி நின்றான். அவள் எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்:

"நாம குடத்தை உட்கார வச்சுட்டு உருளைக்கு ஓடிட்டோம். குடத்துக்கு வாய் இருக்கு, பேச்சு இருக்கா? நாளைக்குக் காலையில நான் போய் என் குடத்தைக் கேக்கப் போறேன். கையோட இன்னைக்குச் சொல்ல வேண்டியிருந்ததையும் சொல்லப் போறேன்."

"நாளைக்கு வேலை?" என்றாள் தைக்கிற பெண்.

"போகும்."

"எழுதினது எழுதினதுதான் அக்கா. மாத்துவாங்களா?"

"மாத்தமாட்டாங்கன்னுதான் தோணுது," என்றாள் உருளைக்காரி. அதைவிட நல்லதாகச் சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். யார் வருவார்கள் என்று அவள் யாரையும் கேட்கவில்லை.

மறுநாள் விடியலில் குழாய் செருமியது, விக்கியது, தண்ணீர் விட்டது. அடியில் ஒரு பாத்திரமும் இல்லை. தண்ணீர் வெறும் கல்லில் விழுந்து சாக்கடைக்கு ஓடியது. அவள் புருஷன் இடது கையால் குழாயை மூடினான்.

ஹால் வாசலில் பாதிப் பின்கட்டுதான் வந்திருந்தது. யாரும் சொல்லாமலே பழக்கத்தில் வரிசையாக நின்றார்கள். குழாயடியில் குடங்கள் நிற்கும் அதே வரிசை. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் உள்ளே நாற்காலிகளில் குடங்கள் வைத்தபடியே இருந்தன.

"ஐயா பத்து மணிக்கு வருவார், வராமலும் இருப்பார்," என்றான் காவல்காரன். "வேற வேலை இல்லையா உங்களுக்கு?"

"இருந்துச்சு," என்றாள் உருளைக்காரி.

புருஷன் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "இப்ப கேட்டா என்ன சொல்லுவீங்க?"

அவன் யோசித்தான். "விளக்கு வேணும்னுதான் சொல்லுவேன். எரியிறப்போ நாம அங்கதான் இருக்கணும்னும் சொல்லுவேன்."

ஆலையின் சங்கு ஊதியது. அவர்கள் எல்லோருடைய காலும் அந்தச் சத்தத்துக்குத் தானாக அசைந்தது. இரண்டாவது சங்குக்கு முன்னால் உள்ளே நிற்காவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். வரிசையின் நடுவிலிருந்து வக்கீல் வெளியே வந்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"எனக்கு மூணு பொண்ணுங்க அக்கா. என்னால முடியாது."

"போயிட்டு வா," என்றாள். குரலில் கோபம் இல்லை.

அவன் வேகமாக நடந்தான். அவனுக்குப் பின்னால் நின்ற தைக்கிற பெண் ஓரடி எடுத்து முன்னால் வரப் பார்த்தாள். பிறகு காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். குனிந்து, தன் சாப்பாட்டுப் பையை எடுத்து அந்தக் காலி இடத்தில் வைத்தாள்.

தெருமுனை வரை போன வக்கீல் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். வரிசையில் அவன் இடம் அப்படியே இருந்தது. இரண்டாவது சங்கு ஊதத் தொடங்கியபோது அவன் இன்னும் முனையில்தான் நின்றுகொண்டிருந்தான்.