இருபத்திரண்டாவது தட்டு

எங்கள் வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் அறிவுரைக்கு வராது. இரும்புலியூரில் இரண்டே அறை உள்ள வாடகை வீடு. ஓர் அறையில் நானும் ஜெரோமும் தூங்குவோம், இன்னோர் அறையில் சீர்வரிசைத் தட்டுகள் தூங்கும். நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் கொண்டுபோகிற பழத்தட்டு, இனிப்புத்தட்டு, புடவைத்தட்டு, வளையல்தட்டு எல்லாவற்றையும் அலங்காரம் செய்து கொடுப்பதுதான் என் தொழில். ஒன்றரை வருடமாகச் செய்கிறேன். அதற்கு முன்னால் நாவலூரில் ஒரு கம்பெனியில் அட்மின் வேலை. ஆள் குறைத்தபோது என்னையும் குறைத்துவிட்டார்கள்.

தொழில் தொடங்கிய நாளிலிருந்து ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். என் கணவர் ஜெரோமுக்குச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் லைன் வேலை. அங்கே சொல்லிக்கொடுப்பதையெல்லாம் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். சுவரில் கத்தரிக்கோல் படம் வரைந்து, "கத்தரி இங்கதான் இருக்கணும்" என்றார். கத்தரி அங்கே ஒரு நாளும் இருந்ததில்லை. படம் மட்டும் இருக்கிறது. நாத்தனார் ஜாஸ்மின், தட்டு செய்வதை வீடியோ எடுத்துப் போடு என்றாள். போட்டேன். பசை ஒட்டிய என் விரலுக்கு நாற்பது பேர் சிரிப்பு பொம்மை போட்டார்கள்.

இவர்களுக்கெல்லாம் மேலே ஸ்டெபின் சார். வீட்டில் இருந்தபடி கைத்தொழில் செய்கிற பெண்களுக்காக சனிக்கிழமை நான்கு மணிக்கு ஆன்லைனில் வகுப்பு எடுப்பார். அவருக்குப் பின்னால் ஷெல்ஃப் நிறையக் கேடயங்கள் தெரியும். பேசினால் உடம்பெல்லாம் சூடேறும். அவர் சொல்வதை ஒன்று விடாமல் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பன்னிரண்டாம் பக்கத்தில், 'முடியாது என்று சொல்லப் பழகுங்கள்.' பத்தொன்பதாம் பக்கத்தில், 'வருகிற எந்த ஆர்டரையும் விடாதீர்கள்.' இரண்டுக்கும் நானே சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருக்கிறேன். எதைக் கேட்பது என்று அவரையே ஒரு முறை கேட்டேன். "சிச்சுவேஷனைப் பொறுத்து மேடம்" என்றார். அதையும் எழுதிக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் வியாழக்கிழமை பழைய மேனேஜர் ஜீவானந்தம் சார் கூப்பிட்டார். வேலை திரும்பக் காலியாக இருக்கிறதாம். "ஞாயித்துக்கிழமை மதியத்துக்குள்ள சொல்லிடும்மா. திங்கக்கிழமை லிஸ்ட் போகுது." சந்தோஷப்பட்டேனா, பயந்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வரும், வேன் வீட்டு வாசலுக்கே வரும். ஆனால் அந்த வேனில் உட்கார்ந்து தினம் இரண்டு மணி நேரம் அடுத்தவர் தோளில் தூங்கி வழிந்த நாட்களும் ஞாபகத்துக்கு வந்தன.

எனக்குள் ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சாமுண்டீஸ்வரி அக்காவின் மகனுக்கு நிச்சயதார்த்தம். தட்டு ஆர்டர் என்னிடம்தான் இருந்தது. எங்கள் தெருவில் பாதி வீடுகள் நிற்கிற இடம் ஒரு காலத்தில் அவர் மாமனார் நெல் போட்ட நிலம். இரும்புலியூரில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் அவர் சொல்கிற ஆளைத்தான் கூப்பிடுவார்கள். நிச்சயம் நன்றாக முடிந்து கல்யாண ஆர்டரையும் அவர் எனக்கே கொடுத்தால், ஜீவானந்தம் சாரிடம் வரவில்லை என்று சொல்லிவிடுவது. கொடுக்காவிட்டால் பழையபடி கம்பெனி வேன்.

அக்கா கேட்டது இருபத்தொரு தட்டு. எல்லாம் சிவப்பும் தங்க நிறமும். வெள்ளிக்கிழமையே முடித்துவிட்டேன். ஜெரோம் உட்கார்ந்து ஒவ்வொரு தட்டின் அடியிலும் ஒன்று முதல் இருபத்தொன்று வரை நம்பர் சீட்டு ஒட்டினார். சனிக்கிழமை வகுப்பில் ஸ்டெபின் சார் கேமராவுக்கு நெருக்கமாக முகத்தைக் கொண்டுவந்தார். "கேட்டதை மட்டும் கொடுத்தா நீங்க கடைக்காரர். கேட்காததையும் கொடுத்தா நீங்க பிராண்ட். ஒண்ணே ஒண்ணு எக்ஸ்ட்ரா கொடுங்க. சொல்லாம கொடுங்க. சர்ப்ரைஸா கொடுங்க!"

லேப்டாப்பை மூடிவிட்டு நேராகக் கடைக்குப் போய் நீலக் காகிதம் சுற்றிய சாக்லேட் வாங்கி வந்தேன். அதை அடுக்கி அடுக்கி ஒரு மயில் செய்தேன். கழுத்து மட்டும் மூன்று முறை சரிந்தது. நிற்க வைத்த பிறகு பார்த்தால், என் கையா இதைச் செய்தது என்று எனக்கே பெருமையாக இருந்தது.

ஜெரோம் ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்தார். "ஆர்டர் எத்தனை?"

"இருபத்தொண்ணு."

"இது?"

"இது கிஃப்ட்."

"எங்க லைன்ல குறைஞ்சாலும் ரிஜெக்ட், கூடினாலும் ரிஜெக்ட்" என்றார்.

"இது உங்க லைன் இல்ல" என்று வள்ளென்று விழுந்தேன். மயிலுக்கு அவர் நம்பர் சீட்டு ஒட்டவில்லை.

சீர்த்தட்டு ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். சர்ச்சில் நடந்த என் கல்யாணத்திலேயே பதினொரு தட்டுதான். பிழைப்பே தட்டில் இருக்கிறவளுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் அந்த மயிலை நான் தட்டுக் கணக்கில் சேர்க்கவே இல்லை. என்னைப் பொறுத்தவரை அது அன்பளிப்பு. நேரில் போய் அக்காவிடம் கொடுத்து அவர் முகம் மலர்வதைப் பார்ப்பதாக வேறு கற்பனை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மினி வேன் வந்தது. டிரைவர் அவசரப்படுத்தியதில் இருபத்திரண்டையும் ஏற்றி அனுப்பிவிட்டு, பூசை முடிந்து மண்டபத்துக்குப் போய்க்கொள்ளலாம் என்று சர்ச்சுக்குக் கிளம்பினேன்.

ஒன்பதரை மணிக்கு அக்கா போன் செய்தார். பின்னால் ஒரே இரைச்சல்.

"ஏம்மா ஏஞ்சலு, எத்தினி தட்டும்மா அனுப்பிச்ச?"

"இருபத்தொண்ணு அக்கா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. மூன்று வாரமாகத் தூக்கத்தில் கேட்டாலும் இருபத்தொன்று என்றுதான் சொல்லியிருப்பேன்.

"நல்லா பார்த்துச் சொல்லு."

"இருபத்தொண்ணுதான்கா."

போனை வைத்த பிறகுதான் மயில் நினைவுக்கு வந்தது. திரும்பக் கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லை. பூசையை விட்டுவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பினேன்.

ஜி.எஸ்.டி ரோட்டு மண்டபத்தில் நான் போய் இறங்கும்போது வாசல் படியோரம் என் மயில் தனியாக நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழம். அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. உள்ளே ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

நடந்தது இதுதான். தட்டு தூக்கி வருவதற்கென்று இருபத்தொரு சுமங்கலிகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்த பிறகும் ஒரு தட்டு மிச்சம். எண்ணினால் இருபத்திரண்டு. மறுபடி எண்ணினால் இருபத்தொன்று, ஏனென்றால் ஒருத்தி தன் கையில் இருந்ததை எண்ணாமல் விட்டுவிட்டாள். மூன்றாம் முறை அடியில் இருக்கிற நம்பரைப் பார்த்திருக்கிறார்கள். ஒன்று முதல் இருபத்தொன்று வரை ஒழுங்காக இருக்கிறது. ஒரே ஒரு தட்டுக்கு மட்டும் நம்பர் இல்லை, நிறமும் வேறு. எனக்குப் போன் செய்தால் நானும் அடித்துச் சொல்கிறேன், இருபத்தொன்று என்று. பெண் வீட்டாரைக் கேட்டால் எங்களுடையது இல்லை என்கிறார்கள். அப்படியானால் இது யார் கொண்டுவந்து வைத்த தட்டு?

மாப்பிள்ளையின் அத்தை லோகநாயகி நடு மண்டபத்தில் நின்றுகொண்டு, "வேற யாரு வெப்பாங்க? பொண்ணு வூட்டாளுங்கதான். ரெட்டைப் படையாக்கி நம்ம காரியத்தக் கெடுக்கறதுக்கு இன்னாவோ பண்ணிக்கினு வந்து வெச்சிருக்காங்க" என்றார். எதிரே பெண்ணின் அம்மா பன்னீர்ச் செம்போடு நின்றிருந்தார். பத்தரைக்குள் தட்டு மாற்ற வேண்டும். மணி பத்து.

அக்கா என்னிடம் வந்தார். "நீ வந்தியா? உன் மேல ஒண்ணும் தப்பில்ல. இருபத்தொண்ணும் ஜோரா கீது. கல்யாணத்துக்கும் நீதான் செய்யற, சொல்லிட்டேன். இது வேற பேஜாரு, நான் பார்த்துக்கறேன். நீ போய்ச் சாப்பிடு."

எனக்கு வேண்டியது கைக்கு வந்துவிட்டது. தலையாட்டிவிட்டுப் பந்திக்குப் போனால் போதும். சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு அடி எடுத்தும் வைத்தேன். அப்போது லோகநாயகி, "இப்பவே இப்படின்னா, நாளைக்கு அந்தப் பொண்ணு வூட்டுக்குள்ள வந்தா..." என்று ஆரம்பித்தார். பெண்ணின் அம்மா செம்பைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். வெட்கத்தில் எனக்கு முகமெல்லாம் எரிந்தது. ஸ்டெபின் சார் இதற்கு ஒன்றும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. சிச்சுவேஷனைப் பொறுத்து.

"அக்கா, அந்தத் தட்டு என்னுது" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை கத்தினேன். "மயில் தட்டு நான் வெச்சது! சும்மா, எக்ஸ்ட்ரா!"

மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

"இருபத்தொண்ணுன்னு சொன்னியே" என்றார் அக்கா.

"ஆர்டர் இருபத்தொண்ணு. இது சர்ப்ரைஸு."

"நான் கேட்டேனா?"

"இல்லக்கா."

"கேக்காத ஒண்ண எதுக்கும்மா செய்யற?"

பிராண்ட் ஆவதற்கு என்று எப்படிச் சொல்வது?

லோகநாயகி மட்டும் விடவில்லை. "எல்லாம் பேசி வெச்சிக்கினு சொல்றா. பொண்ணு வூட்டைக் காப்பாத்த." இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாசலுக்குப் போனேன். எலுமிச்சம்பழத்தைத் தள்ளிவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தின் நடுவில் வந்து நின்றேன். மேலே சுற்றியிருந்த கண்ணாடித்தாளைக் கிழித்தேன். மூன்று முறை சரிந்து நின்ற அந்தக் கழுத்திலிருந்து ஒரு சாக்லேட்டைப் பிடுங்கி, காகிதத்தை உரித்து, எல்லார் முன்னாலும் வாயில் போட்டு மென்றேன். அப்புறம் இன்னொன்று. மயிலின் தலை தொங்கியது. அழுதுவிடக் கூடாது என்பதற்காகவே மூன்றாவதையும் தின்றேன்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டித் தோகையிலிருந்து ஒன்றை எடுத்துத் தானும் வாயில் போட்டுக்கொண்டார். இன்னொன்றை எடுத்துப் பெண்ணின் அம்மா கையில் வைத்தார். "சாப்பிடு சம்பந்தி. மனசுல வெச்சிக்காத." அதற்காகவே காத்திருந்ததைப் போலப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஐந்து நிமிடத்தில் மயிலைக் காணோம். இருபத்தொரு தட்டு, இருபத்தொரு பேர். பத்து இருபதுக்கு மேளம் மறுபடி தொடங்கியது.

தட்டு மாற்றி முடியும்வரை சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். கல்யாண ஆர்டரைப் பற்றி இனி பேச்சு இருக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சாப்பிடவும் உட்காரவில்லை. காலித் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"ஏய், காலித் தட்டை எங்க எடுத்துக்கினு போற?" வாசலில் அக்கா என்னைப் பிடித்தார். தட்டைப் பிடுங்கி வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒரு முழம் பூ எல்லாம் வைத்தார். "விசேஷ வூட்டுலருந்து காலியா போவக்கூடாது." தட்டை என் கையில் வைத்தவர் விடவில்லை. அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்தபடி நின்றோம்.

"ஐப்பசியில கல்யாணம். அம்பத்தொண்ணு. வேன்ல ஏத்தறப்போ நானே வந்து எண்ணுவேன். மயிலு கியிலு ஏதாவது பார்த்தேன்..."

மிரட்டலை முடிக்காமலே உள்ளே போய்விட்டார்.

ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. ஜீவானந்தம் சார்.

"என்னம்மா ஏஞ்சல், லிஸ்ட்ல பேர் போட்டுடவா?"

"சார், எனக்கு அம்பத்தொரு தட்டு இருக்கு சார்."

"தட்டா? என்ன தட்டு?"

"ஐப்பசியில சார்."

"எனக்குப் புரியலைம்மா. வர்றியா, வரலையா?"

எனக்கும் எல்லாம் புரிந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். வாயில் இன்னும் சாக்லேட் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வரலை சார்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐம்பத்தொன்று. இருபத்திரண்டு தட்டு வைத்ததற்கே எங்கள் வீட்டில் கதவைச் சாத்த முடியவில்லை.