செடிமேல் போட்ட பழி

அக்கா என்னிடம் கடைசியாகக் கேட்டது ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. நர்சரிக் கொட்டகையில் மதியம் சாப்பிட்டு முடித்து டிபன் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "கண்ணாடி இருந்தா குடுடா, நீ எழுதி வெச்ச சீட்டெல்லாம் கலங்கலா தெரியுது" என்றாள்.

"என் கையெழுத்தே அப்படித்தான்" என்றேன். வாசலில் நின்ற சரக்கு வண்டியின் பக்கக் கண்ணாடியில் போய்ப் பார்க்கச் சொன்னேன்.

குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "வந்துடுச்சுடா. வலது கண்ணு மறுபடியும் பூனைக் கண்ணு."

நானும் போய்ப் பார்த்தேன். இடது கண்ணின் கருமணி அந்த வெயிலுக்கு மிளகளவு சுருங்கியிருந்தது. வலது கருமணி சுருங்கவே இல்லை. பழுப்பு நிறம் ஓரத்தில் மெல்லிய வளையமாக மிஞ்சியிருந்தது.

"காலையில யாரோட மல்லுக்கு நின்னே?"

"வேற யாரு? கத்திரிக்காயோட பெரியம்மா பொண்ணுதான்."

மர ஊமத்தையை அவள் அப்படித்தான் சொல்வாள். ஆள் உயரத்துக்கு மேல் வளரும் புதர். முழ நீளப் பூக்கள் குழல்போலத் தலைகீழாகத் தொங்கும். கத்திரி, தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் அதன் சொந்தக்காரர்கள். ஆனால் இது இலை முதல் விதை வரை விஷம். வெட்டிய தண்டின் சாறு கையில் பட்டு, அந்தக் கையால் கண்ணைத் துடைத்தால் கருமணி விரிந்து அப்படியே நின்றுவிடும். தாய்ச்செடியில் தண்டு வெட்டிப் பதியன் போடுவது அக்காவின் வேலை. பெயர்ச் சீட்டு எழுதுவது என்னுடையது. அன்று காலை முழுவதும் அவள் அந்தச் செடியில்தான் நின்றாள், கையுறை போட்டுக்கொண்டு.

"தலையும் இடிக்குதுடா."

"உச்சி வெயில்ல நின்னா இடிக்காம கொஞ்சவா செய்யும்?"

"வாய் மட்டும் இல்லேன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

இதற்கு இரண்டு வருடம் முன்பு முதல் தடவை இப்படி ஆனபோது எங்களுக்குச் செடியின் குணம் தெரியாது. அக்காவின் கணவர், எங்கள் மாமா, லிப்ட் மெக்கானிக். வேலையைப் பாதியில் விட்டு, கிரீஸ் கையோடு ஓடிவந்தார். பெரிய ஆஸ்பத்திரி வாசலில், தன் காலில் நடந்து வந்த அக்காவுக்கு ஸ்ட்ரெச்சர் கேட்டு ரகளை செய்தார். "என் பொண்டாட்டிக்கு மூளையில ஏதோ கோளாறுய்யா!" என்று கத்தினார். காவல்காரர் அசராமல், "எல்லாப் புருஷனும் அதான் சொல்றாங்க, வரிசையில வாங்க" என்றார்.

தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை. கடைசியில் ஒரு கண் மருத்துவர், சின்ன வயதுப் பெண், "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு விஷயம் முடிந்தது. கண்ணில் சொட்டு மருந்து விட்டு அக்காவை வெளிப் பெஞ்சில் கண்ணை மூடி உட்காரச் சொன்னார். மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். செடியின் பெயரை எழுதித் தர மருத்துவர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு அவர் சொன்னார்: "இது நாலஞ்சு நாள்ல தானா சரியாயிடும். ஆனா ஒண்ணு. செடிச் சாறுன்னா வலி இருக்காது. தலைவலியோ, இமை இறங்கறதோ கூட வந்தா, செடின்னு நினைச்சு உட்கார்ந்துடாதீங்க. உடனே வந்துடணும்."

"சரிங்க டாக்டர்" என்றேன்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது மாமாவைப்போல நடித்துக் காட்டினேன். அக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். பிறகு அந்தக் கதையை எத்தனையோ பேருக்குச் சொன்னேன். சொல்லச் சொல்ல மெருகேறியது. காவல்காரருக்கு மீசை வந்தது, மாமாவின் கையில் ஸ்பானர் வந்தது. மருத்துவர் சொன்ன அந்த ஒரு விஷயத்தில் சிரிப்பு இல்லை. அதனால் அது கதைக்குள் ஒருமுறைகூட வரவில்லை. சில மாதங்களில் எனக்கே அது மறந்துவிட்டது.

அக்கா சரக்கு வண்டியின் கண்ணாடியில் கண்ணைப் பார்த்த அன்று, சாயங்காலம் ஏழு மணிக்கு மாமா போன் செய்தார்.

"மாப்ள, உங்க அக்கா தலைவலின்னு படுத்திருக்கா. அந்தக் கண்ணு இமை கொஞ்சம் இறங்கின மாதிரி இருக்கு. ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துடலாமா?"

"எதுக்கு? ஸ்ட்ரெச்சர் கேக்கவா?"

 மாமா சிரித்தார். "சரிசரி, ஆரம்பிச்சுடாத. காலையில பாக்கலாம்."

பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "என்ன சொல்றான் அந்த வாயாடி?"

மறுநாள் காலையில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். கண்ணுக்குப் பின்னால் போகும் ரத்தக்குழாய் ஒன்று புடைத்து, பக்கத்து நரம்பை அழுத்தியிருக்கிறது. அதனால்தான் கருமணி விரிந்தது, இமை இறங்கியது. அது வெடித்துவிட்டது. ஸ்கேன் அறை வாசலில் நின்றபோது எனக்கு அந்தச் சின்ன வயது மருத்துவரின் குரல் ஒரு சொல் விடாமல் திரும்ப வந்தது.

மாமாவிடம் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று வாரம் ஓட்டினேன். அவரோ துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "அந்த விஷச்செடிதான் கொன்னுடுச்சு" என்றார். பெரிய டாக்டர் படம் போட்டு விளக்கியும் அவர் காதில் ஏறவில்லை. நானும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். செடி எதிர்த்துப் பேசாது.

மூன்றாவது வாரக் கடைசியில் ஒரு காலை, கடப்பாரையோடு நர்சரிக்கு வந்தார். முதலாளி மறுக்கவில்லை. "தோண்டிப் போடுங்க, மனசாவது ஆறட்டும்" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

தாய்ச்செடியில் நாற்பது பூவுக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. மாமா கீழே குத்தக் குத்த எல்லாம் ஆடின. முறிந்த கிளைகளின் சாறு அவர் முன்கை வரை வழிந்தது. அந்தக் கையாலேயே நெற்றி வியர்வையைத் துடைக்கப் போனார். ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"கையை விடு மாப்ள."

"மாமா, இது செடி இல்ல."

"தெரியாம பேசாத."

"தெரிஞ்சுதான் பேசறேன். அன்னிக்கு டாக்டர் என்னை மட்டும் உள்ள கூப்பிட்டாங்களே, அப்பவே சொன்னாங்க. தலைவலி வந்தா, இமை இறங்கினா, அது செடி இல்ல, உடனே வரணும்னு."

கடப்பாரை மண்ணில் நின்றது. அவர் என் முகத்தையே பார்த்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சிரிப்பு வராதுன்னு விட்டுட்டேன். அப்புறம் மறந்தே போச்சு."

 அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவர் தோண்டிய குழியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"நான் போலாம்னுதானே சொன்னேன்?"

"சொன்னீங்க."

"இமை இறங்குதுன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க மாமா."

"நான் சொன்னேன்" என்றார் மறுபடியும், என்னிடம் இல்லை. குழாயடியில் சோப்புப் போட்டு முழங்கை வரை நெடுநேரம் கழுவினார். கடப்பாரையை எடுக்காமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் எனக்குப் போன் செய்யவில்லை. இரண்டு முறை வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், வேறு எதுவும் பேசவில்லை. இப்போது யாரிடமும் செடியைக் குறை சொல்வதில்லை என்று கேள்விப்பட்டேன். என்னைப் பற்றியும் அவர் எதுவும் சொல்லவில்லையாம். எனக்குத்தான் அது தாங்கவில்லை. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். இந்தத் தடவை அந்த மருத்துவர் சொன்னதை விடவில்லை.

குழியை அன்றே மூடினேன். ஒரு பக்கத்து வேர் பாதி அறுந்திருந்தது. ஒரு வாரம் இலையெல்லாம் துவண்டு கிடந்து, பிறகு நிமிர்ந்தது. பதியன் வேலையையும் இப்போது நான்தான் பார்க்கிறேன். வெயில் காலத்தில் அந்தச் செடிக்கு ஒரு நாளைக்கு மூன்று வாளித் தண்ணீர் ஊற்ற வேண்டும். இரண்டு போதாது.