முடிவு அறிவிக்கப்படாத மெதுநடைப் போட்டி

2022-ஆம் ஆண்டு ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தைய நாள், மதியம் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, செஞ்சியில் உள்ள ஓர் அலுவலகத்தின் தபால் மேசையிலிருந்து அதிகாரியின் அறையை நோக்கி நடக்கத் தொடங்கிய அலுவலக உதவியாளர் துரைக்கண்ணு இன்னும் போய்ச் சேரவில்லை. வழியில் எங்கும் நின்றதாகவும் தகவல் இல்லை. தபால் மேசைக்கும் அதிகாரியின் அரைக்கதவுக்கும் நடுவே தரையில் இருபத்திரண்டு கற்கள் பதித்திருக்கிறார்கள். வருடத்துக்கு நாலு கல்லுக்குக் கொஞ்சம் குறைவாக அவர் கடந்துகொண்டிருக்கிறார். விரித்த இரண்டு உள்ளங்கைகளிலும் ஒரு ஃபைல் இருக்கிறது. அதை எடுத்து அவர் கையில் வைத்தவள் உதவியாளர் ஜெயசுதா. அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே வீட்டுமனைப் பட்டா கொடுத்தார்கள் என்பதும், ஜன்னலைத் திறந்தால் ராஜகிரி மலை தெரியும், மூடினாலும் அதன் வெக்கை உள்ளே வரும் என்பதும் தெரிந்தால் போதும்.

அந்த அலுவலகத்தில் ஆயுத பூஜைக்கு முந்தைய வேலை நாளில் கம்ப்யூட்டருக்கும் பீரோவுக்கும் ஜீப்புக்கும் சந்தனம் வைத்து, பொரிகடலை பிரித்துக் கொடுத்த பிறகு, யாரும் பேனாவைத் தொடக்கூடாது என்பது வழக்கம். பூஜையில் வைத்த பேனாவை விடுமுறை கழிந்து வந்துதான் திறக்க வேண்டும். எழுதவும் முடியாது, ஐந்தே முக்காலுக்கு முன்னால் வீட்டுக்குப் போகவும் முடியாது என்றால் பதினாலு பேர் என்ன செய்வார்கள்? விளையாடினார்கள். எல்லாம் இளநிலை உதவியாளர் சிவசங்கரின் ஏற்பாடு. பள்ளிக்கூடத்தில் எந்த ஓட்டப்பந்தயத்திலும் மூன்றாவதாகக்கூட வராத ஆத்திரத்தை அவன் இங்கே தீர்த்துக்கொண்டான். சுழல் நாற்காலியில் உட்கார்ந்து தரையைக் காலால் உந்திப் போகும் பந்தயம், ஒரு நிமிடத்தில் யார் அதிக முத்திரை குத்துவது, பழைய கட்டுகளைத் தும்மாமல் யார் தூசி தட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் விதிமுறை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுவான். ஜெயித்தவர்களுக்கு அரக்கை உருக்கி வட்டமாக வார்த்து, சிவப்பு நாடாவில் கோத்துப் பதக்கம் போடுவார்கள். தூசி தட்டுவதில் தட்டச்சர் சுவாதி மூன்று வருடம் தொடர்ந்து பதக்கம் வாங்கியிருந்தாள்.

கடைசிப் போட்டி மெதுநடை. ஒரு ஃபைலை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு அதிகாரியின் அறை வரை நடக்க வேண்டும். கடைசியாக வந்து சேருகிறவருக்குத்தான் பதக்கம். ஆனால் நிற்கக்கூடாது. உடம்பில் ஏதாவது ஒன்று முன்னால் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றால் சிவசங்கர் விசில் ஊதி வெளியே அனுப்பிவிடுவான். அலுவலகம் தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்கிற போட்டி அது என்று எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் அதற்கு அத்தனை சிரிப்பு. வழக்கமாக, முடிந்துபோன பழைய ஃபைல்களைப் பதிவறையிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். அந்த வருடம் பதிவறை எழுத்தர் காமராஜ் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மத்தியானமே சீயமங்கலம் பஸ் ஏறிவிட்டார். சிவசங்கர் ஒரு காலண்டர் அட்டையை எடுத்துக்கொண்டான், சுவாதி ஒரு பழைய டெலிபோன் டைரக்டரியை எடுத்துக்கொண்டாள். துரைக்கண்ணு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. “எனக்கு நெஜ ஃபைலா குடும்மா ஜெயசுதா. இருவத்தாறு வருசமா ஃபைலு தூக்கின கை இது. அட்டைய தூக்கினா எனக்கு நடையே வராது” என்றார். ஜெயசுதா சிரித்துக்கொண்டே தன் மேசையில் மேலாக இருந்ததை எடுத்துக் கொடுத்தாள்.

அது ரஞ்சிதத்தின் ஃபைல். ரஞ்சிதம் பனமலைப் பக்கத்தில் ஒரு காலனியில், ஏரிக்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டிருந்த விதவை. களையெடுப்பும் நூறு நாள் வேலையும் பிழைப்பு. ஊருக்கு மேற்கே மேட்டில் இரண்டரை சென்ட் மனை கேட்டிருந்தாள். விசாரணை முடிந்து, வரைபடம் போட்டு, ஒப்புதலுக்கு என்று ஜெயசுதாவே குறிப்பு எழுதி முடித்திருந்தாள். அதிகாரி ஒரு கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. அவர் அன்று விழுப்புரத்தில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். எப்படியும் விடுமுறை முடிந்துதான் கையெழுத்து ஆகும், கால் மணி நேரம் விளையாடிவிட்டுத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று ஜெயசுதா நினைத்தாள். அந்தக் கால் மணி நேரத்தைப் பிற்பாடு அவள் நினைக்காத நாள் இல்லை.

சுவாதி மூன்றாவது கல்லிலேயே சிரிப்பை அடக்க முடியாமல் டைரக்டரியைக் கீழே போட்டாள். சிவசங்கர் பன்னிரண்டு நிமிடத்தில் அதிகாரியின் அறையைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, துரைக்கண்ணுவின் வலது குதிகால் முதல் கல்லிலிருந்து அப்போதுதான் கிளம்பியிருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நாலு மணிக்கு இன்னொரு முறை தட்டினார்கள். ஐந்தே முக்காலுக்குப் பையை மாட்டிக்கொண்டு, “அண்ணே, நீங்கதான் ஃபர்ஸ்ட்டு, விடுங்க, வீட்டுக்குப் போலாம்” என்றான் சிவசங்கர். அதைக் கேட்டு அவர் சிரிக்கத் தொடங்கினார். அந்தச் சிரிப்பு கார்த்திகை தீபத்தன்றுதான் முழுசாக வந்து முடிந்தது.

முதலில் கொஞ்சம் டென்ஷன் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. நாலு பேர் சேர்ந்து அவரைத் தூக்கிப் பார்த்தார்கள்; முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். ஃபைலையாவது எடுக்கலாம் என்றால் அதுவும் மலைக்கல்போல் அசையவில்லை. டாக்டர் ஒருவர் வந்து ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டு ஒரு மதியம் முழுக்கக் காத்திருந்து ஒரு துடிப்பைக் கேட்டார், உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். மனைவி லட்சுமியம்மாள் ஒரு வாரம் வாசலில் உட்கார்ந்து அழுதாள். பிறகு மாதம் ஒரு முறை வந்து ஒரு வாய் தயிர்ச்சோறு ஊட்டிவிட்டுப் போனாள், மெல்லுவதற்கு அவருக்கு ஒரு மாதம் சரியாக இருந்தது. “ஊட்ல இருந்தா மட்டும் இன்னா, எங்கூட பேசவா போறாரு?” என்று சுவாதியிடம் சொன்னாள். கையில் ஃபைலோடு அதிகாரியின் அறைக்குப் போய்க்கொண்டிருப்பவர் பணியில் இருப்பவர்தான் என்று மேலிடத்திலிருந்து விளக்கம் வந்தது. அவருக்குச் சம்பளம் நின்றதில்லை. தபால் கொண்டுபோகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டார்கள்.

ஜெயசுதாவுக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியும். விடுமுறை முடிந்த நாலாவது நாள், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, அவள் துரைக்கண்ணுவின் கையில் இருந்த ஃபைலின் நாடாவை இழுத்துப் பார்த்தாள். அவிழ்ந்தது. தாளைப் புரட்டினாள். புரண்டது. பாஸ்போர்ட் சைஸ் படத்தில் ரஞ்சிதம் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, போட்டோக்காரன் சொன்னபடி மூச்சை அடக்கிக்கொண்டு நேராகப் பார்த்தாள். தாளின் ஓரத்தில் ஜெயசுதா பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள், பதிந்தது. ஃபைலைத் தூக்கத்தான் முடியாது, எழுத முடியும். அதிகாரி தம் நாற்காலியை விட்டு எழுந்து, பேனாவோடு இருபது கல் நடந்து வந்தால் போதும். ஆனால் ஃபைல்தான் அதிகாரியிடம் போகும், அதிகாரி ஃபைலிடம் வருவதில்லை. அவரை வரச் சொல்ல வேண்டுமென்றால் நடப்பில் இருக்கிற ஃபைல் எப்படி விளையாட்டுச் சாமான் ஆனது என்று சொல்ல வேண்டும். மெமோ வரும். பதவி உயர்வுப் பட்டியலில் அந்த வருடம் அவள் பெயர் இருந்தது. ஜெயசுதா நாடாவை மறுபடியும் கட்டினாள். அதிகாரி ஒரு நாள் போகிற போக்கில், “அது என்ன ஃபைல்மா?” என்று கேட்டபோது, “பழசு சார். முடிஞ்சது” என்றாள். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

ரஞ்சிதம் இரண்டு செவ்வாய்க்கு ஒரு முறை பஸ் ஏறி வந்தாள். உள்ளே வரமாட்டாள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். “ஏம்மா, என் ஃபைலு இன்னா ஆச்சி?” என்று கேட்பாள். “போய்க்கிட்டுதான்க்கா இருக்குது” என்பாள் ஜெயசுதா. அது உண்மைதான், அந்த உண்மைதான் ஜெயசுதாவைக் கொன்றது. ஒரு தை மாதம் ரஞ்சிதம் அவித்த வேர்க்கடலையை ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டி, “நீ நல்லா இருக்கணும்மா, ஒரு நாளும் மொகத்த சுளிச்சதில்ல நீ” என்றாள். அலுவலகம் முழுக்கத் தின்றது. ஜெயசுதா தன் பங்கை அப்படியே சுவாதி பக்கம் தள்ளிவிட்டாள். பதவி உயர்வு வந்தது, கண்காணிப்பாளர் ஆனாள், அதிகாரிகள் மூன்று பேர் மாறினார்கள். ஒவ்வொரு புது அதிகாரி வரும்போதும் இவரிடம் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்ற பயம் போன தடவையைவிடக் கூடுதலாக இருக்கும். இதற்கிடையே துரைக்கண்ணு நடந்துகொண்டிருந்தார். முதல் வருடம் வாசல் பக்கம் இருந்தவர், மூன்றாவது வருடம் அவள் மேசைக்கு நேராக வந்துவிட்டார். கையை நீட்டினால் ஃபைலைத் தொடும் தூரம். பார்க்காமல் இருக்க அவள் ஒரு மேசை அலமாரியை வாங்கி நடுவே வைத்துப் பார்த்தாள். அதற்கு மேலாக அவருடைய முகம் தெரிந்தது.

2025 ஆனி மாதம் ஏரிக்கரைக் குடிசைகளை எடுத்தார்கள். பட்டா வாங்கியிருந்தவர்கள் முன்பே மேட்டுக்குப் போய்ச் செங்கல் சுவர் வைத்துவிட்டார்கள். ரஞ்சிதத்திடம் காட்ட ஒரு காகிதமும் இல்லை. பொக்லைன் வந்து ஏழு நிமிடத்தில் வேலையை முடித்தது. மறுநாள் அவள் ஒரு சாக்கு மூட்டையும் ஒரு அலுமினிய அண்டாவுமாக அலுவலகத்துக்கு வந்து, வழக்கம்போல ஜன்னலில் நிற்காமல், வேப்பமரத்தடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. யாரையும் கூப்பிடவும் இல்லை. ஜெயசுதா அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வெளியே போய், அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து, துரைக்கண்ணு முன்னால் நிறுத்தி, நாடாவை அவிழ்த்துக் காட்டினாள்.

“இதான்க்கா உங்க ஃபைலு. விளையாடறதுக்கு நாந்தான் எடுத்துக் குடுத்தேன்.”

ரஞ்சிதம் தன் படத்தையே பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: “இப்படி தெறக்கலாம்னு உனுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?”

“மொத வாரத்திலேர்ந்து.”

அலுவலகத்தில் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெயசுதா நேராக அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு போய், நான்காவதாக வந்திருந்த அதிகாரி அரிகிருஷ்ணனிடம் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுப் பேனாவை எடுத்துக்கொண்டு எழுந்தார். பதினோரு கல் நடந்து வந்தார், துரைக்கண்ணுவின் உள்ளங்கை மேலேயே குறிப்பைப் படித்தார், கையெழுத்துப் போட்டார், தேதி எழுதினார். எல்லாம் இரண்டு நிமிடம். “இதுக்காம்மா மூணு வருசம் பயந்துகிட்டு இருந்தீங்க? அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா யாரா இருந்தாலும் போட்டுக் குடுத்திருப்பாங்களே” என்று சிரித்தார். மெமோ எதுவும் வரவில்லை. வரும் என்று அவள் அடுத்த மாதம் முழுக்கத் தபாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வந்திருந்தால் தேவலை என்றுகூட நினைத்தாள். தண்டிக்கிறவர்கள் யாரும் இல்லாமல் போனதுதான் அவளுக்குக் கிடைத்த தண்டனை.

சுவாதி பட்டாவை அடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ரஞ்சிதம் அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். “அக்கா, என்னைய எதுனா நாலு வார்த்த திட்டிட்டுப் போங்க” என்றாள் ஜெயசுதா. ரஞ்சிதம் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவளுடைய நாற்காலிக்கும் துரைக்கண்ணுவுக்கும் நடுவே போய் நின்றாள். அவர் நெற்றியில் மூன்று வருடமாக ஊறிக்கொண்டிருந்த ஒரு சொட்டு வியர்வையை முந்தானையால் ஒற்றி எடுத்தாள். “நீ மெதுவாவே போண்ணே. உம்மேல ஒரு தப்பும் இல்ல” என்றாள். பிறகு மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தாள்.

அவள் சொன்னது துரைக்கண்ணுவின் காதில் விழுந்துவிட்டது. ஆவணி முதல் வாரத்தில் அவர் தலை இடது பக்கமாகத் திரும்பத் தொடங்கியிருப்பதைச் சுவாதிதான் கண்டுபிடித்தாள். ஸ்கேல் வைத்து அளந்து, கண்காணிப்பாளர் மேசையை நோக்கி அவர் கண் வந்து சேரத் தை மாதக் கடைசி ஆகும் என்று கணக்குச் சொன்னாள். கூப்பிட்ட குரல் வந்த இடத்தைப் பார்க்கத் திரும்புகிறார், பாவம். அந்தத் திசையில் இப்போது ஜெயசுதா உட்கார்ந்திருக்கிறாள். இந்த வருடமும் ஆயுத பூஜைக்கு நாற்காலிப் பந்தயம் நடந்தது, அவரைச் சுற்றிக்கொண்டு ஓட்டினார்கள், அவர் நெற்றிக்கும் சந்தனம் வைத்தார்கள். நடுவில் வைத்திருந்த மேசை அலமாரியை ஜெயசுதாவே தூக்கிக் கீழே வைத்துவிட்டாள். வேண்டுமானால் மேசையைச் சுவர்ப் பக்கம் தள்ளிப் போடட்டுமா என்று சிவசங்கர் கேட்டான். வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்றாள். ஐப்பசி முடிந்த கணக்குப்படி அவருடைய பார்வை இரும்பு பீரோவைத் தாண்டி, அவள் மேசையின் ஓரத்துக்கு வந்திருக்கிறது.