பிரிக்காத இசைத்தட்டு

தன் இசைத்தட்டு உலகத்தில் எங்காவது சுழன்றால்தான் லோரன் ஸ்டக்கிக்குப் பேச்சு வரும். எழுபத்தைந்தாம் ஆண்டு, எங்கள் ஊரான லோகன்ஸ்போர்ட்டில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை வேலை முடிந்த கையோடு அவரும் மூன்று நண்பர்களும் கூடி, பக்கத்துக்கு ஒரே பாட்டு என்று இரண்டு நீண்ட ராக் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். கடைசி வரியைப் பாடி முடித்ததும் குரல் முழுக்கத் தட்டுக்குள் போய்விட்டது. தொண்டையில் கோளாறு ஏதுமில்லை என்றார் மருத்துவர். ஐந்நூறு தட்டுகள் அச்சாயின. இவ்வளவு நீளப் பாட்டை வானொலிக்காரர்கள் தொடவே இல்லை. ஊரில் வாங்கியவர்களும் ஒரு தடவை கேட்டுவிட்டு மறந்தோம். மிஞ்சிய பெட்டிகளை டிரம்ஸ் வாசித்தவர் பழைய சாமான் சந்தையில் தள்ளிவிட்டார்.

வீட்டில் ஒரு தட்டு இருந்தது. லோரனின் மனைவி டார்லா முடிதிருத்தும் கடை வேலையிலிருந்து வந்ததும் அதைப் போடுவாள், அவர் பேசுவார். பக்கம் முடிந்தால் பாதி வார்த்தையில் வாய் அடைத்துவிடும், அவள் எழுந்துபோய்த் திருப்பிப் போட வேண்டும். சண்டை வந்தால், "ஒன் பொலம்பலுக்குத்தான் இந்தத் தட்டு தேயுதா? போதும் நிறுத்து" என்று ஊசியைத் தூக்கிவிடுவாள். தட்டு தேயத் தேய அவர் குரலும் கரகரத்து, ஒருநாள் வெறும் இரைச்சலாகி நின்றது. இன்னொன்று எடுத்து வைத்திருக்கலாம். யார் வாங்கப்போகிறார்கள், எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும் என்ற அலட்சியம்.

அப்புறம்தான் புகழ் வந்தது. சேகரிப்பாளர்கள் ஊர் ஊராகத் தேடி அந்தத் தட்டை வாங்கினார்கள், ஆனால் ஒருவரும் கேட்கவில்லை. பிளாஸ்டிக் உறை பிரியாமல் இருப்பதுதான் அவர்களுக்குக் கௌரவம். பாட்டைக் கணினிப் பிரதியில்தான் கேட்டார்கள், அதற்கு அவர் குரல் திரும்பவில்லை. பேர் பெற்ற மனிதர் ஊமையாகவே நடமாடினார்.

சின்சினாட்டி நகரத்துச் சேகரிப்பாளர் வேட் பிரிங்க்மன் கையுறை போட்டுக்கொண்டு, பிரிக்காத தட்டுகளோடு கையெழுத்து வாங்க வந்தபோது, டார்லா மூக்கில் பிராணவாயுக் குழாயோடு சாய்வு நாற்காலியில் கிடந்தாள். தட்டு சுழன்றால்தான் லோரனுக்குக் குரல் வரும் என்ற விஷயம் பிரிங்க்மனுக்கும் தெரியும், அதுதான் வயிற்றெரிச்சல்.

"ஒன்னே ஒன்ன பிரிச்சுப் போடுப்பா. நான் போறதுக்குள்ள இந்த மனுஷன் ரெண்டு வார்த்தை பேசட்டும்."

"பிரிச்சா மதிப்பே போச்சு மேடம். மிஸ்டர் ஸ்டக்கியோட கலைக்குச் செய்ற துரோகம் அது."

"மிஸ்டர் ஸ்டக்கி இங்கதான உக்காந்திருக்காரு. அவரக் கேளேன்."

லோரன் மூலையிலிருந்த ரெக்கார்ட் பிளேயரைக் காட்டிக் கைகூப்பினார். பிரிங்க்மன் அவர் கையில் பேனாவைக் கொடுத்தார். லோரன் கையெழுத்துப் போட்டார்.

மார்ச்சில் டார்லா இறந்தாள். செப்டம்பரில் ஒரு மதியம், மளிகைக் கடை வரிசையில் நிற்கையில் லோரனுக்குத் தொண்டை திறந்தது. எங்கோ யாரோ உறையைப் பிரித்துவிட்டிருந்தார்கள். "பேப்பர் பை போதும்மா" என்று கல்லாவில் சொன்னவர், தன் குரலைக் கேட்டு அரண்டு, சாமான்களை அங்கேயே போட்டுவிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு வண்டியை விரட்டினார். வழியில் தப்பான திருப்பம் ஒன்று எடுத்தாராம். கல்லுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி, "டார்லா, நான் வந்து" என்றார். பக்கம் முடிந்துவிட்டது.

மறுபக்கத்தைத் திருப்பிப் போடுவார்கள் என்று பொழுது சாயும்வரை நின்றார். புல் வெட்ட வந்தவர்கள் அவரை விட்டுச் சுற்றி வெட்டிக்கொண்டு போனார்கள்.