அப்பா தலையில் கட்டிய படகு

எங்கள் அப்பாவுக்கும் தம்பிக்கும் ஒரே பெயர்தான், டெல்பர்ட் புரூயிட். அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் டேட்டன் ஊரில் எங்கள் ஆட்கள் பையனுக்கு அப்பா பெயரையே வைத்து, பின்னால் 'ஜூனியர்' என்று ஒட்டிவிடுவார்கள். வீட்டில் தம்பியை ஜூனியர் என்றே கூப்பிடுவோம்.

பக்கவாதம் வந்த அம்மா ஒரு பராமரிப்பு இல்லத்தில் படுத்திருக்கிறாள். அதற்கு நேர் எதிரே வயதானவர்களுக்கென்று ஒரு அடுக்குமாடி இருக்கிறது. "குளிர் வர்றதுக்குள்ள எதிர்ல குடிவந்துடுவேன், ஜன்னல்லேர்ந்து கை காட்டுறேன்" என்று அப்பா அவளிடம் சொல்லிவிட்டார். பார்த்தால், வீடு கிடையாது என்று பதில் வந்தது. வாடகைக்கு விடுமுன் அவர்கள் பார்க்கும் கிரெடிட் ரிப்போர்ட்டில், அதாவது அவருடைய கடன் வரலாற்றில், மோட்டார் படகு வாங்கிக் கட்டாத கடன் ஒன்று இருக்கிறதாம்.

"படகா? எனக்குக் குளியல்தொட்டியே ஆழம்மா" என்றார் அப்பா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா வீட்டுக்கு ஞாயிறு சாப்பாட்டுக்குப் போன இடத்தில், திங்கள் வரை பொறுக்காமல் அந்த ரிப்போர்ட் கம்பெனிக்கு அப்போதே போன் போட்டு, அப்பாவின் விவரங்களை அழுத்திவிட்டு, ஸ்பீக்கரில் மேஜை மேல் வைத்தேன். காத்திருக்கச் சொல்லி இசை ஓடிக்கொண்டே இருந்தது. எதிரே ஜூனியர் கோழிக்கறியைத் தொடவே இல்லை.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?"

"அக்கா, போனை வை. படகு என்னோடது."

அப்புறம் தலையைக் குனிந்துகொண்டே கொட்டினான். படகை வாங்கியவன் அவன், கட்டாமல் விட்டவனும் அவன். வசந்தத்தில் வீட்டுக்கடன் கேட்டபோது அந்தப் பாக்கி குறுக்கே நின்றது. 'அது நான் இல்லை, அதே பெயரில் இருக்கும் என் அப்பா' என்று அந்த ரிப்போர்ட் கம்பெனிக்கு எழுதிப்போட்டிருக்கிறான். அவர்களும் நம்பி அப்பா கணக்கில் ஏற்றிவிட்டார்கள்.

"அவருக்கு இந்த வயசுல கடன் எதுக்குத் தேவைப்படப் போகுதுன்னு நெனச்சேன்க்கா."

"நீயெல்லாம் ஒரு மனுஷனாடா!"

"வெள்ளிக்கிழமை வீடு கைக்கு வருது. இப்ப மாத்தினா போயிடும். கெண்ட்ராவுக்கு இது ஏழாவது மாசம்..." கெண்ட்ரா அவன் மனைவி.

இசை நின்றது. ஒரு பெண் பேசினாள். "மிஸ்டர் புரூயிட், இந்தப் படகுக் கடன் உங்களோடது இல்லேன்னு மறுக்கிறீங்களா?"

அப்பா தம்பியையே பார்த்தார். "இல்லம்மா. என்னோடதுதான். மறந்துட்டேன்."

ஜூனியர் பாய்ந்து போனை எடுத்தான். "ஹலோ, டெல்பர்ட் புரூயிட் பேசறேன். அந்தப் படகு என்னோடது!"

"அதைத்தானே சார் இப்போ சொன்னீங்க? பதிஞ்சுட்டேன். வேற ஏதாவது இருக்கா?"

'நான் மகன்' என்று சொன்னால் போதும். அவன் வாய் திறந்தபடியே இருந்தது. நானாவது கத்தியிருக்கலாம். கெண்ட்ராவின் வயிறு கண்முன் வந்தது, என் வாயும் அடைத்துப்போனது. பாவி நானும்தான்.

"வேற... ஒண்ணுமில்ல" என்றான் ஜூனியர்.

போனை வைத்துவிட்டு அவன் விம்மி விம்மி அழுதான். அப்பா திட்டவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

அவர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "எழுந்திரு. உங்கம்மா முழிச்சிருக்கிற நேரம். நான் எதிர்வீட்டுக்கு வரலேன்னு என்னால அவகிட்ட சொல்ல முடியாது. நீ சொல்லு."