கோப்பில் இல்லாதது

மவுஸைப் பிடித்து வேலை செய்கிறவர்களைக் கண்டாலே தங்கைக்காரிக்கு இளக்காரம். அந்த ஆபீசில் அப்படி ஒருத்திதான் இருந்தாள். அவள் தனக்கு அண்ணியாகவும் வாய்த்தது எந்த ஜன்மத்துப் பாவமோ என்று தங்கைக்காரி நினைத்துக்கொள்வாள்.

ஆபீஸ் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மருந்துக்கடைக்கு மேல் ஒரு நீள அறை, ஆறு மேஜை, ஓயாமல் கரகரக்கும் ஒரு ஏசி. முதலாளி தங்கைக்காரியின் அண்ணன். மருத்துவமனைகளுக்கு வெப்சைட் செய்து, அதை கிளவுட்டில், அதாவது எங்கோ இருக்கும் வாடகைக் கம்ப்யூட்டர்களில், ஏற்றி ஓடவைப்பது தொழில். ஏற்றுகிற வேலை ஐந்து வருஷமாக அண்ணியுடையது. கிளவுட்காரனின் பக்கத்தைத் திறந்து பொத்தான் பொத்தானாகத் தட்டுவாள். பெயர் கேட்டால் பெயர், அளவு கேட்டால் அளவு. பதினேழு தட்டலில் ஒரு வெப்சைட்டை ஓட்டும் ஆப் எழுந்து நிற்கும். என்ன பொறுமை என்று அண்ணன் மெச்சுவார். தங்கைக்காரி அதை மந்தம் என்றாள்.

அவள் கட்சி வேறு. எந்த ஆப், எத்தனை, என்ன அளவு, என்ன கடவுச்சொல் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கம்ப்யூட்டர் கோடாக எழுதிவிட வேண்டும். பிறகு ஒரே கட்டளை. கோப்பில் என்ன இருக்கிறதோ அதுபடி கிளவுட் தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும். மனுஷக் கை படவே வேண்டாம். இதை அண்ணன் காதில் ஆறு மாதம் ஓதி, கடைசியில் அவரும் இறங்கிவந்தார். புதன்கிழமை எல்லாம் கோப்புக்கு மாறும். சிக்கலில்லாமல் முடிந்தால் ஏற்றுகிற வேலை முழுக்கத் தங்கைக்கு. அண்ணி ஜன்னலோர மேஜைக்குப் போய் வாடிக்கையாளர்களின் போனை எடுப்பாள். இது அண்ணிக்கும் தெரியும்.

அண்ணி ஆப்களுக்கு வைத்திருந்த பெயர்களைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். புதுசு, புதுசு-2, கடைசி, கடைசி-நிஜம். மதியம் சாப்பிடும்போது தங்கைக்காரி இதைப் பாட்டுப் போல ராகம் போட்டுச் சொல்ல, மற்றவர்கள் டிபன் பாக்ஸுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார்கள். அண்ணி குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை அண்ணியே எழுந்து வந்து, லிஸ்டில் வராத சில விஷயங்கள் இருக்கின்றன, அரை மணி உட்கார்ந்து சேர்ந்து பார்க்கலாமா என்று கேட்டாள். பார்த்துக்கொள்கிறேன் என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்லி அனுப்பினாள் தங்கைக்காரி. ஒப்பந்தப் பட்டியலில் பன்னிரண்டு ஆப். பன்னிரண்டையும் எழுதியாயிற்று. இதில் அண்ணியிடம் கேட்க என்ன இருக்கிறது?

கட்டளையை இரண்டு விதமாக ஓட்டலாம். ஒன்று, கோப்பில் இருப்பதை மட்டும் சேர்த்துவிட்டு மற்றதைத் தொடாமல் விடும். இன்னொன்றின் பெயர் முழுமை. கோப்பில் இல்லாத எதையும் கிளவுட்டில் விட்டுவைக்காது, துடைத்துவிடும். முதல் விதம் பயந்தாங்கொள்ளிகளுக்கு என்பது தங்கைக்காரியின் எண்ணம். புதன் காலை பத்து மணிக்கு முழுமையைத்தான் போட்டாள். என்னென்ன மாறப்போகிறது என்று முன்கூட்டியே ஒரு பட்டியல் வந்தது. அதில் சிவப்பில் ஒரு வரி: 'கடைசி-நிஜம் நீக்கப்படும்.'

அதை அவள் படிக்காமல் இல்லை, படித்தாள். குப்பை என்று நினைத்தாள், லேசாகச் சிரிக்கவும் செய்தாள். இரண்டு கை தூரத்தில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். திரும்பி ஒரு வார்த்தை கேட்டால் கிரீடமா இறங்கிவிடும்? கேட்கவில்லை. 'ஆம்' என்று தட்டினாள்.

பத்தே முக்காலுக்கு டயாலிசிஸ் சென்டரிலிருந்து போன் வந்தது. அங்கே ஒன்பது மெஷின். யாருக்கு எந்த மெஷின், எத்தனை மணிக்கு என்று நோயாளிகள் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளும் பக்கம் காணோமாம். நேரம் தெரியாமல் எல்லோரும் மொத்தமாக வந்து குவிந்துவிட்டார்களாம். கால் வீங்கியவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அங்கிருந்து பேசிய நர்ஸ் போட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அந்தப் பக்கம் ஒப்பந்தத்தில் இல்லை. சென்டர்காரர்கள் கெஞ்சிக் கேட்டார்கள் என்று அண்ணி இரண்டு மத்தியானம் உட்கார்ந்து தட்டித் தட்டிச் செய்து கொடுத்தது. அதன் பெயர்தான் கடைசி-நிஜம்.

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு மறுபடி தட்ட ஆரம்பித்தாள். அண்ணன் போனை வைத்துவிட்டு வந்து, என்ன ஆச்சு என்று பொதுவாகக் கேட்டார்.

"கோப்புல இல்லாத எதுவும் நிக்காதுண்ணா" என்றாள் தங்கைக்காரி.

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அண்ணன் பெண்டாட்டி பக்கம் திரும்பினார். கணக்கில் வராமல் ஒன்றைச் செய்து, அதற்கு இப்படி ஒரு பெயரும் வைத்தால் யாருக்குத் தெரியும், இதற்குத்தான் இந்தக் கைவேலையே வேண்டாம் என்பது என்று பத்து நிமிஷம் பொரிந்து தள்ளினார். தங்கைக்காரி கீபோர்டில் இல்லாத தூசியை ஊதிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு அந்தப் பக்கம் மறுபடி உயிர் பெற்றது. நாலு மணிக்கு, அண்ணன் சொன்னபடி, அண்ணி தண்ணீர் பாட்டிலையும் சார்ஜரையும் ஜன்னலோர மேஜைக்குக் கொண்டுபோனாள். போகும் முன் தங்கைக்காரியைக் கூப்பிட்டு, தன் திரையில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். கிளவுட்டில் யார் எப்போது என்ன செய்தார்கள் என்ற பதிவு அது. பத்து மணி நாலு நிமிஷம், தங்கைக்காரியின் பெயர், முழுமை. சிவப்பு வரிக்குக் கீழே அவள் கொடுத்த 'ஆம்'.

"உங்க அண்ணனுக்கு இந்தப் பக்கம் எங்க இருக்குன்னே தெரியாது. நான் காட்டவும் இல்ல. அந்த ஆப்பைக் கோப்புல எழுதிடு, இல்லன்னா நாளைக்கு ஓட்டறப்ப மறுபடியும் அழிச்சிடுவே."

தங்கைக்காரிக்குக் காது மடல் சுட்டது. இத்தனை நாளில் முதல் தடவையாக அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அண்ணன்கிட்ட நானே சொல்லிடறேன், அண்ணி."

அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை.

"சொல்ல மாட்டே" என்று சொல்லிவிட்டு, அடித்துக்கொண்டிருந்த போனை எடுக்கப் போனாள்.

தங்கைக்காரி சொல்லவில்லை.